நடிகருக்கு ஒரு கதிரை போடுங்கள்

ஆஸ்பத்திரியில் டொக்டரைப் பார்க்கக் காத்திருந்தபோது யாராவது உங்களுக்குக் கைதட்டியிருக்கிறார்களா?

என் கணவருக்குத் தட்டினார்கள். போன கிழமை. அதுவும் மனநல கிளினிக் வாசலில்!

நாங்கள் இருவரும் வாங்கில் உட்கார்ந்திருந்தோம். எதிரே இருந்த ஒரு மனிதர் இவரையே உற்றுப் பார்த்தார். யோசித்தார். திரும்பவும் பார்த்தார். பிறகு முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"அண்ணை, வள்ளத்தில வெளிநாட்டுக்குப் போன பெடியன்ர தகப்பனாய் நடிச்சது நீங்கள்தானே? சல்லிக் கிராமத்தில பார்த்தனான். என்ன நடிப்பு அண்ணை!" சொன்னதோடு நிற்கவில்லை, கையையும் தட்டினார்.

வாங்கில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஓம் தம்பி, நான்தான்" என்றார் இவர்.

"பிறகு... நீங்கள் எப்படி இஞ்ச?"

"அந்த நடிப்பாலதான் வந்தனான்."

பிறகு இவர் சிரித்தார். அந்த மனிதரும் சிரித்தார். பக்கத்தில் இருந்த அக்காவும் சேர்ந்துகொண்டா. நம்பர் கூப்பிட வந்த நேர்ஸ் மிஸ், "இஞ்ச என்ன பகிடி நடக்குது?" என்று கேட்டுவிட்டுப் போனா.

எனக்கோ பெருமை தாங்கவில்லை. கிளினிக் வாசலில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தி கணவரை நினைத்துப் பெருமைப்படலாமா? தாராளமாகப் படலாம். ஏன் என்று சொல்கிறேன்.

பத்திரிகையில் இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு இவரை ஓரளவு தெரியும். நான் சமைக்கும் மீன்குழம்பில் உப்புக் குறை கண்டுபிடிக்கிறவராக, குடையைத் தொலைக்கிறவராக அவ்வப்போது வந்து போயிருக்கிறார். இவருடைய தொழிலைப் பற்றி மட்டும் நான் அதிகம் எழுதியதில்லை. பெயர் ரகு. ஊர் திருகோணமலை லிங்கநகர். தொழில் – நடிப்பு.

முழுநேரம் நடிப்பு. பகலில் கந்தோர் வேலை, பின்னேரம் நாடகம் என்கிற கணக்கு இல்லை. இதை எங்கள் ஊரில் யாருக்கும் விளங்கப்படுத்த முடியாது. "உங்கட அவர் என்ன செய்யிறார்?" என்று கேட்பார்கள். "நடிக்கிறார்" என்பேன். "அது தெரியும்... வேலை என்ன?" என்பார்கள். நான் பள்ளிக்கூட ரீச்சர் என்று சொன்னால் மட்டும் ஒருவரும் "அது சரி, வேலை?" என்று கேட்பதில்லை.

கட்அவுட்டும் கரவனும் உள்ள நடிப்பு இல்லை இது. ஒரு பழைய வான். அதற்குள் நடிகர்கள், ஒரு மேளம், இரண்டு ஸ்பீக்கர், சுருட்டிய திரைச்சீலை. ஊர் ஊராகப் போய் நாடகம் போடுகிற குழு. அதை நடத்துகிறவர் மூதூர் நசீர் நானா. நெறியாளரும் அவர்தான், தேவைப்பட்டால் வான் சாரதியும் அவர்தான். அம்மா வேடங்களுக்கு நிலாவெளிக் கலா. பிறகு தயாவும் இன்னும் இரண்டு இளம் ஆட்களும்.

அந்த வள்ள நாடகத்தை ஒரு நிறுவனம் செய்யச் சொல்லியிருந்தது. களவாகக் கடல் வழியே வெளிநாடு போகாதீர்கள் என்று சனத்துக்குச் சொல்ல வேண்டும். கதை சின்னது. ஒரு தகப்பன் மகனைத் தானே கூட்டிக்கொண்டு போய் வள்ளத்தில் ஏற்றிவிடுகிறான். வள்ளத்தைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தகப்பன் ஒவ்வொரு நாளும் கடற்கரைக்கு வருகிறான். கடைசிக் காட்சியில் மேடை நுனிக்கு வந்து, சனத்தையே கடலாக நினைத்து, "ராசா... வந்திடு ராசா..." என்று கூப்பிடுகிறான். அவ்வளவுதான்.

அந்தத் தகப்பன் இவர்.

கண்ணீருக்கு இவர் எந்த மருந்தும் மாயமும் பாவிப்பதில்லை. உள்ளே போய் எடுத்துக்கொண்டு வருவார். எப்படி என்று கேட்டால் சொல்ல மாட்டார். நாடகம் முடிந்தால் கைதட்டல் இருக்காது. மூக்குறிஞ்சும் சத்தம்தான் கேட்கும். அதுதான் வெற்றி என்று எல்லோரும் சொன்னோம். எவ்வளவு அழுதாரோ அவ்வளவு நல்ல நடிகர்... அப்படித்தானே நாம் மார்க் போடுகிறோம்?

ஆனால் உண்மையான வேலை நாடகம் முடிந்த பிறகுதான் தொடங்கியது.

எங்கள் கரையில் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார் நாடகத்தில் மட்டுமா இருக்கிறார்கள்? திரை இறங்கியதும் வருவார்கள். இவருடைய கையைப் பிடித்துக்கொள்வார்கள். "தம்பி, என்ர மூத்தவனும் இப்படித்தான் போனவன்..." என்று தொடங்குவார்கள். சிலர் போனில் படம் காட்டுவார்கள். ஒரு தாய், "நீங்கள் கூப்பிட்ட மாதிரி எனக்கு ஒருநாளும் கூப்பிட வரேல்ல" என்று சொல்லி இவருடைய தோளிலேயே சாய்ந்துவிட்டாவாம். அந்த நேரத்தில், "அம்மா, நான் நடிகன், வான் வெளிக்கிடப் போகுது" என்று சொல்ல முடியுமா? நின்று கேட்பார். எல்லாவற்றையும் கேட்பார். பிறகு வானில் ஏறி அடுத்த ஊருக்குப் போய், திரும்பவும் மகனைப் பறிகொடுப்பார். காலையில் ஒரு ஊர், பின்னேரம் ஒரு ஊர்.

முதலில் நான் கவனித்தது இவர் நடக்கும் பாதையை. மீன் வாங்கக் கடற்கரை வீதியால் போகிறவர், உள் ஒழுங்கைகளால் சுற்றிப் போகத் தொடங்கினார். திருகோணமலையில் கடலைப் பார்க்காமல் நடக்க முயன்று பார்த்திருக்கிறீர்களா? எந்தத் தெருவில் போனாலும் முடிவில் நீலமாக ஒரு துண்டு தெரியும். இவர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

பிறகு சாப்பாடு குறைந்தது. உப்பு இல்லை என்று கூடச் சொல்லவில்லை. மட்டக்களப்பில் படிக்கும் எங்கள் மகள் ஒருநாள் எனக்கு போன் எடுத்தாள்.

"அம்மா, அப்பாக்கு என்ன? கோல் எடுத்து 'எங்க நிக்கிறாய்?' எண்டு கேக்கிறார். ஹொஸ்டலில எண்டு சொன்னா 'சரி' எண்டு வைச்சிடுறார். கொஞ்ச நேரத்தில திரும்ப எடுக்கிறார். நான் எங்கயும் போகேல்ல அம்மா, சொல்லுங்கோ அவருக்கு."

அன்றைக்குப் பின்னேரம் கேட்டேன். "கொஞ்ச நாள் லீவு எடுங்கோவன்."

"லீவா? எனக்குப் பதிலா ஆர் தகப்பன்?"

"தயாவைப் போடலாம்தானே."

"நானாட்ட என்ன சொல்லச் சொல்லுறாய்? காய்ச்சல் எண்டா சொல்லலாம். அழுதழுது ஏலாமல் கிடக்கு எண்டு சொல்லவோ? அழுகிறதுதானே என்ர தொழில்."

இதற்கு உங்களுக்குப் பதில் வருமா? தடிமன் பிடித்து இரண்டு தும்மல் தும்மினாலே நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போடுகிறேன். கட்டடச் சாரத்திலிருந்து மேசன் விழுந்தால் ஊரே ஓடி வரும். நடிகர் விழுவது உள்ளுக்குள். ஓடி வருவதற்கு எங்கே வருவது?

நசீர் நானா பொல்லாதவர் இல்லை. பழைய ஆள், அவ்வளவுதான். கால் சுளுக்கோடு கூத்தாடிய கதை, காய்ச்சலோடு அரிச்சந்திரனாக நின்ற கதை எல்லாம் வைத்திருப்பார். இறந்துபோன உம்மாவை அடக்கம் செய்துவிட்டு அன்றைக்கே மேடைக்கு வந்து சனத்தைச் சிரிக்க வைத்த கதை ஒன்று உண்டு. இளம் நடிகர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்வார். சொல்லும்போது நெஞ்சு நிமிரும்.

பள்ளிக்கூட விடுமுறையில் ஒருநாள் நானும் வானில் ஏறினேன். இவரைத் தனியாக அனுப்ப மனமில்லை. காரணம் கேட்டவர்களுக்கு, "பத்தி எழுத விசயம் தேடி வாறன்" என்றேன்.

சீனன்குடா தாண்டும்போது தலைக்கு மேல் ஒரு விமானம் தாழப் பறந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தோம். இவர் பார்க்கவில்லை. கிண்ணியாப் பாலத்தில் வான் ஏறியது. இவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு பக்கமும் தண்ணீர்.

காலையில் தோப்பூர்ப் பக்கம் ஒரு நாடகம் நன்றாகவே முடிந்தது. பின்னேரம் ஈச்சிலம்பற்று. வயல் ஓரத்தில் ஒரு பொது மண்டபம். சனம் பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. முன் வரிசையில் பிளாஸ்டிக் கதிரைகள். நிறுவனத்து அதிகாரி அதில் ஒன்றில் இருந்தார். பக்கத்தில் வீடியோ எடுக்கிறவர். அது அவர்களுக்கு முக்கியமான நாள். மேலிடத்துக்கு அனுப்பப் படம் பிடிக்கிறார்கள்.

கடைசிக் காட்சி வந்தது. இவர் மேடை நுனிக்கு நடந்து வந்தார். வாயைத் திறந்தார்.

சத்தம் வரவில்லை.

சனம் நடிப்பென்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. முன் பாயில் ஒரு பெண் விம்மத் தொடங்கிவிட்டா. எனக்குத் தெரியும், அந்த இடத்தில் அப்படி ஒரு மௌனம் நாடகத்தில் இல்லை. கலாவுக்கும் தெரியும். அருகில் வந்து மெல்ல எடுத்துக் கொடுத்தா. "கூப்பிடுங்கோ... அவனுக்குக் கேக்கும். கூப்பிடுங்கோ."

இவர் கலாவைப் பார்த்தார். சனத்தைப் பார்த்தார். பிறகு பேசினார் – தகப்பனின் குரலில் இல்லை. எங்கள் வீட்டுக் குசினியில் கேட்கும் சாதாரணக் குரலில்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இது நாடகத்தில வாற கதை இல்ல. எனக்கு உண்மையாய் ஏலாமல் கிடக்கு. கொஞ்சம் இருக்கோணும்."

போச்சு என்று நினைத்தேன். இத்தனை வருசத்து நல்ல பெயர், குழுவின் பெயர், எல்லாம் போச்சு. அதே நேரம் நெஞ்சுக்குள் வேறு ஒன்றும் அசைந்தது. கிழமைக்கணக்காக என்னிடம் கூட முழுதாகச் சொல்லாததை, இந்த மனிதர் ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் சொல்லிவிட்டாரே!

அதிகாரி திரும்பி நசீர் நானாவைத் தேடினார். "என்ன இது? கமெரா ஓடிக்கொண்டிருக்கு. முடிக்கச் சொல்லுங்கோ."

மேடைக்குப் பக்கத்தில் நின்ற நசீர் நானா நேரே அதிகாரியிடம் வந்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் எட்டிப் பார்த்தேன்.

"சேர், கொஞ்சம் எழும்புங்க."

அதிகாரி எழும்பினார். தனியாகக் கூப்பிட்டுக் கதைக்கப் போகிறார் என்று நினைத்திருப்பார். நானா அவருடைய கதிரையைத் தூக்கினார். தூக்கிக்கொண்டு மேடைக்கு ஏறினார். இவருக்குப் பின்னால் அதை வைத்து, தோளைப் பிடித்து அழுத்தினார்.

"இரிடா தம்பி. இரி. ஒண்ணும் அவசரமில்ல."

இவர் உட்கார்ந்தார். அதிகாரி நின்றார்.

முன் பாயில் விம்மிய அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "ஓம், அவர் ஆறுதலா இருக்கட்டும். எங்களுக்கு என்ன அவசரம்? மாடு பட்டிக்கு வாறதுக்கு நேரம் கிடக்கு" என்றா. "தேத்தண்ணி குடுங்கோ ஆரும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். யாரோ ஓடினார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. கூவவில்லை.

நான் வாழ்க்கையில் முதல்முறையாக மேடை ஏறினேன். சபைக்கு முன்னால் கணவன் கையைப் பிடிக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. பிடித்தேன். ஐஸ் மாதிரி இருந்தது.

தேநீரைக் குடித்ததும் இவருக்குக் கொஞ்சம் குரல் வந்தது. சனத்தைப் பார்த்துச் சொன்னார்.

"என்ர பேர் ரகு. லிங்கநகர். எனக்கு மகன் இல்ல, ஒரு மகள். மட்டக்களப்பில படிக்கிறாள், சுகமா இருக்கிறாள். ஆனா இந்தப் பெடியனை நான் ஒவ்வொரு நாளும் ரெண்டு தரம் பறிகுடுக்கிறன். இண்டைக்கு ரெண்டாந்தரம் ஏலாமப் போச்சு. அவ்வளவுதான்."

பக்கத்தில் நின்ற நசீர் நானா தொண்டையைச் செருமினார். யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. தானாகத்தான் சொன்னார்.

"உம்மாவ அடக்கிப்போட்டு மேடைக்கு வந்த அண்டைக்கு எனக்கும் ஏலாமத்தான் இருந்திச்சு. அப்ப அதச் சொல்ல எனக்குத் தெரியல்ல."

அந்தக் கதையை அவர் சொல்லி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இந்த வரி மட்டும் அதில் ஒருநாளும் இருந்ததில்லை.

மண்டபத்தில் ஒரு கிழவர் மெதுவாகக் கேட்டார். "அப்ப, மிச்சக் கதை என்ன?"

கலா முன்னால் வந்தா. நடிக்கவில்லை. சும்மா சொன்னா. "அவன் வரேல்ல ஐயா. அவ்வளவுதான் மிச்சம்."

அந்த நாடகத்தைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நெஞ்சில் தைத்த மாதிரி அந்த முடிவு எங்குமே தைத்ததில்லை.

இத்தோடு எல்லாம் சுபம் என்று நினைக்காதீர்கள். அதிகாரி கோபத்தோடு போனார். "மிச்ச ஊர்களுக்கு நாங்கள் வேற குழுவைப் பார்க்கிறம்" என்று போகும்போதே சொல்லிவிட்டார். அதன் பிறகு ஒரு அழைப்பும் இல்லை. குழுவில் எல்லோருக்கும் இதுதான் சோறு. இவர் குற்றம் செய்தவர் மாதிரி வீட்டுக்குள் நடந்தார்.

ஒருநாள் கலா வீட்டுக்கு வந்தா. சண்டைக்கு வருகிறா என்றுதான் இவர் நினைத்தார்.

"அண்ணை, உங்களில எனக்குக் கோவமில்ல" என்றா. "ரெண்டாவது ஷோ முடிஞ்சா எனக்கு ஒவ்வொரு நாளும் சத்தி வரும். வானுக்குப் பின்னால போய் வாந்தி எடுத்துப்போட்டுத்தான் ஏறுறனான். ஆருக்கும் சொல்லேல்ல. நீங்கள் சொன்னாப் பிறகுதான், சொல்லலாம் எண்டு தெரிஞ்சுது."

பிறகு எல்லோரும் கூடினார்கள், எங்கள் வீட்டு முற்றத்தில். தயாவுக்குக் கெட்ட கனவுகள். இளம் ஆட்களில் ஒருவருக்கு மேளச் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடிக்குதாம். ஒரே வானில், முழங்கால் இடிக்க உட்கார்ந்து போனவர்கள் – ஒருவருடையது ஒருவருக்குத் தெரியவில்லை! அத்தனை பேரும் அவ்வளவு நல்ல நடிகர்கள்.

அன்றைக்கு முடிவெடுத்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு நாடகம். தகப்பன், தாய் வேடங்களை மாறி மாறிச் செய்வது. நாடகம் முடிந்ததும் முகம் கழுவி, சொந்த உடுப்போடு வந்து, சொந்தப் பெயரைச் சனத்துக்குச் சொல்வது. துயரத்தோடு வருகிற தாய்மாருடன் இருந்து கேட்க, அதற்கென்று படித்த ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போவது.

நிறுவனத்துக்கு நசீர் நானாவும் கலாவும் போனார்கள். "இப்பிடி நிபந்தனை போட்டா எப்படி?" என்றாராம் அதிகாரி. நானா கேட்டாராம்: "சேர், மைக் பழுதாப் போனா ஷோவ நிப்பாட்டுவீங்கதானே? ஆள் பழுதாப் போனா?"

பதில் உடனே வரவில்லை. ஆனால் வந்தது. ஈச்சிலம்பற்றுச் சனம், "அந்தக் குழு திரும்ப எப்ப வரும்? அவர் சுகமோ?" என்று விசாரித்துக்கொண்டே இருந்தார்களாம். கடைசியில் அதே அதிகாரிதான் போன் எடுத்தார். சில ஊர்கள் வேறு குழுவுக்குப் போனது போனதுதான். மிச்ச ஊர்களுக்கு, கேட்டபடியே ஒப்புக்கொண்டார். இவரிடமும் இரண்டு வார்த்தை கதைத்தார். "உடம்பைப் பாருங்கோ" என்றாராம். கதிரையைப் பற்றி இரண்டு பேரும் கதைக்கவில்லை.

இதற்கிடையில் இவர் கிளினிக் போகத் தொடங்கியிருந்தார். உறவுக்காரர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மனநல கிளினிக்குக்கோ? ஆரும் கண்டா என்ன நினைப்பினம்?" என்று கிசுகிசுத்தார். உள்ளேயிருந்து இவர் குரல் கொடுத்தார்: "காணட்டும் மாமா. நடிகனை ஆக்கள் காணத்தானே வேணும்!"

மருந்து கொஞ்சம், கதை நிறைய என்றுதான் டொக்டர் வைத்தியம் செய்கிறா. இப்போது நன்றாக நித்திரை கொள்கிறார். கடற்கரை வீதியால் போய் மீன் வாங்குகிறார். மகளுக்கு போன் எடுத்தால், அவள் போதும் என்கிற வரைக்கும் கதைக்கிறார்.

மேடையில் விழாமல் நிற்பவரைத்தான் இவ்வளவு காலமும் பெரிய நடிகர் என்று நினைத்திருந்தோம். நான் இப்போது வேறு மாதிரி நினைக்கிறேன். உண்மையாக அழுகிறவர் எவ்வளவு பெரிய கலைஞரோ, அதைவிடப் பெரியவர் உண்மையாக "கொஞ்சம் இருக்கோணும்" என்று சொல்கிறவர். அப்படிப்பட்டவர் என் வீட்டுக்காரர். இதை அச்சில் போட எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

சனிக்கிழமை நிலாவெளியில் நாடகம் போட்டார்கள். தயா தகப்பன். இவர் ஆட்களை ஏற்றுகிற வள்ளக்காரனாக வந்து, சனத்திடம் நன்றாக ஏச்சு வாங்கினார். முடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பெயரைச் சொன்னார். வயதான மீனவர் ஒருவர் எழும்பி, "தம்பிமார், நல்லாத்தான் கிடக்கு. ஆனா அழுதழுது நாங்களும் களைச்சுப் போனம். ஒருக்காச் சிரிப்பு நாடகமும் கொண்டு வாங்கோவன்" என்றார்.

நசீர் நானா உடனே எழுதத் தொடங்கிவிட்டார். காது மந்தமான ஒரு சம்பந்தியாக இவர் நடிக்கிறார். வீட்டில் காலையும் மாலையும் ஒத்திகை. அழ வைப்பதை விடச் சிரிக்க வைப்பதுதான் கஷ்டமாம். ஒவ்வொரு வசனத்தையும் சொல்லிவிட்டு, வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் என்னுடைய முகத்தை ஆவலோடு பார்க்கிறார்.

எனக்கோ துளிகூடச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் விழுந்து விழுந்து சிரிக்கிறேன்... நடிகரின் மனைவியல்லவா!